பெயர் ஒன்று, வெட்டு வேறு: பாலூட்டிகளின் நோயெதிர்ப்பு நொதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயெதிர்ப்புச் செல்களின் நொதிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாண்டு மாணவர் கேட்பதும், பத்து வருடம் சுண்டெலியோடு குப்பை கொட்டிய ஆய்வாளர் கேட்பதும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: மனிதனில் ஒரு பெயர், சுண்டெலியிலும் அதே பெயர், அப்புறம் வேலை மட்டும் ஏன் வேறு? கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஒரே ஒரு முன்குறிப்பு: இந்தப் பக்கத்தில் சுண்டெலி என்றால் ஆய்வகத்தில் மவுஸ் என்று சொல்லும் சிறியது, எலி என்றால் ரேட் என்று சொல்லும் பெரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதிப் பதில்கள் தலைகீழாகிவிடும்.

கிருமியை எதிர்ப்பது ஆன்டிபாடிதானே? நொதிக்கு அங்கே என்ன வேலை?

ஆன்டிபாடி அடையாளம் காட்டும், ஒட்டிக்கொள்ளும், சில சமயம் கிருமியை முடக்கவும் செய்யும். வெட்டுவதும் உடைப்பதும் வேறு ஆட்களின் பொறுப்பு. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ல வரும் டி செல்லும் இயற்கைக் கொல்லி செல்லும் கிரான்சைம் என்ற நொதிகளைத் துகள்களுக்குள் அடைத்து வைத்திருக்கும். பெர்ஃபோரின் என்ற புரதம் இலக்குச் செல்லின் சவ்வில் துளை போட, கிரான்சைம்கள் உள்ளே இறங்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவிடம் எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி, புரோட்டினேஸ் 3 மூன்றும் இருக்கும். அலர்ஜியில் முன்னிற்கும் மாஸ்ட் செல்லிடம் கைமேஸும் டிரிப்டேஸும் ஹெப்பரின் என்ற சர்க்கரைச் சங்கிலியோடு ஒட்டிக் காத்திருக்கும்.

இவை எல்லாமே புரதத்தை வெட்டும் செரின் புரோட்டியேஸ் குடும்பம். நாம் சாப்பிட்டதைச் செரிக்கும் டிரிப்சினுக்கும் கைமோடிரிப்சினுக்கும் தூரத்துச் சொந்தம். வெட்டுகிற பொறி அத்தனையிலும் ஒன்றுதான்: ஹிஸ்டிடின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், செரின் என மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து புரதச் சங்கிலியை அறுக்கும். எதைப் பிடித்து அறுக்கும் என்ற தெரிவுத்தன்மையில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது.

தெரிவுத்தன்மை, தெரிவுத்தன்மை என்கிறீர்களே, அது என்ன?

ஒரு புரதச் சங்கிலியில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் இருக்கும். நொதி எல்லாவற்றையும் வெட்டாது. வெட்டும் இடத்துக்கு நேர் முன்னால் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்று முதலில் பார்க்கும். அந்த இடத்துக்குப் பி1 என்று பெயர். அதை உள்வாங்கும் நொதியின் குழிக்கு எஸ்1 என்று பெயர். 1967-இல் ஷெக்டரும் பெர்கரும் வைத்த இந்தக் குறியீடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டிரிப்சினின் குழி லைசினையும் ஆர்ஜினினையும் ஏற்கும். கைமோடிரிப்சினின் குழியில் ஃபினைல்அலனின், டைரோசின் போன்ற பருமனானவை உட்காரும். எலாஸ்டேஸின் குழி சிறியது, அதில் அலனின், வாலின் மாதிரி சின்னதுதான் நுழையும்.

பி1 மட்டும் பொருந்தினால் போதாது. அதற்கு முன்னாலுள்ள பி2, பி3, பி4 இடங்களும், வெட்டுக்குப் பின்னாலுள்ள இடங்களும் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கும். விலங்குக்கு விலங்கு வரும் வேறுபாட்டில் பாதி எஸ்1 குழியில் இருக்கிறது. மீதி இந்தப் பக்கத்து இடங்களில் ஒளிந்திருக்கிறது. பக்கத்து இடங்களைக் கவனிக்காததால் வந்த குழப்பங்கள் நிறைய.

டிரிப்சின் எல்லாப் பாலூட்டியிலும் ஒரே மாதிரிதானே வெட்டுகிறது? இவை மட்டும் ஏன் மாற வேண்டும்?

நல்ல கேள்வி. டிரிப்சினுக்கு விடாமல் துரத்தும் எதிராளி கிடையாது. வயிற்றுக்குள் வரும் உணவுப் புரதம் பெரும்பாலும் தன்னை வெட்டக்கூடாது என்று பரிணாம வளர்ச்சி அடைந்து திருப்பித் தாக்குவதில்லை. கிரான்சைமின் நிலைமை வேறு. அது வெட்டுவதைத் தடுக்கவே வைரஸ்கள் புரதங்களைத் தயாரித்து வைத்திருக்கின்றன. பசு அம்மை வைரஸின் சிஆர்எம்ஏ என்ற புரதம் கிரான்சைம் பி-யையும் காஸ்பேஸ் 1-ஐயும் தடுக்கும் (காஸ்பேஸ் என்பது செல் சாவையும் அழற்சியையும் நடத்தும் வேறொரு நொதிக் குடும்பம்). அடினோவைரஸின் 100கே என்ற புரதம் கிரான்சைம் பி-க்குப் பூட்டுப் போடும். அந்தப் பூட்டையே மனிதனின் கிரான்சைம் எச் வெட்டிப் போடும் என்று பிறகு தெரியவந்தது. ஒவ்வொரு விலங்கும் தன்னைத் தாக்கும் வைரஸோடும் ஒட்டுண்ணியோடும் தனித்தனியாக இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அவற்றின் நொதிகள் ஒரே மாதிரி நிற்பதற்கு வழியில்லை.

மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்கள் கண்டதும் இதுதான். புரோட்டியேஸ் மரபணுக்களில் இனத்துக்கு இனம் அதிகம் மாறுபடுபவை இரண்டு வகை: நோயெதிர்ப்பில் இருப்பவை, இனப்பெருக்கத்தில் இருப்பவை.

மனிதனுக்கும் சுண்டெலிக்கும் எண்ணிக்கையிலேயே வித்தியாசம் என்கிறார்களே?

ஆமாம். மனிதனுக்குக் கிரான்சைம் 5: ஏ, பி, எச், கே, எம். சுண்டெலிக்கு 10: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, கே, எம், என். எச் சுண்டெலியிடம் இல்லை. சி முதல் ஜி வரை மனிதனிடம் இல்லை. என் என்பது விந்தகத்தில் காணப்படுவது, அங்கே அது என்ன கொல்லப் போகிறது என்று கேட்காதீர்கள்.

மனிதனின் 14-ஆம் குரோமோசோமில் கைமேஸ், கத்தெப்சின் ஜி, கிரான்சைம் எச், கிரான்சைம் பி என்ற நான்கு மரபணுக்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. நாயிடமும் இதே நான்குதான். கொறிவிலங்குகளில் இதே இடம் மரபணு நகலெடுப்பால் பெருத்துப் போயிருக்கிறது. சுண்டெலியில் பல மடங்கு, எலியில் அதையும் தாண்டி. ஒரு மரபணு இரண்டாகும்போது ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றொன்றுக்கு மாறிப் பார்க்கச் சுதந்திரம் கிடைக்கும். கொறிவிலங்குகளில் அந்தச் சுதந்திரம் தாராளமாகப் பயன்பட்டிருக்கிறது.

சரி, எண்ணிக்கை வேறு. ஆனால் கிரான்சைம் பி இரண்டிலும் இருக்கிறதே, அதுவாவது ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தேன். பி1 இடத்தில் இரண்டும் ஒன்றுதான்: ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பின்னால் வெட்டும். செரின் புரோட்டியேஸ்களில் இது அரிதான ருசி. ஆனால் பி2-க்கு வந்தால், மனிதனுடையது புரோலினை விரும்புகிறது, சுண்டெலியினுடையது ஃபினைல்அலனினை விரும்புகிறது. அதாவது மனித நொதிக்குப் பிடித்த நான்கெழுத்து வரிசை ஐஇபிடி. சுண்டெலி நொதிக்கு ஐஇஎஃப்டி. ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து: இங்கே பி என்றால் புரோலின், எஃப் என்றால் ஃபினைல்அலனின், கடைசி டி என்றால் ஆஸ்பார்ட்டிக் அமிலம்.

இந்த ஓர் எழுத்து செல்லைக் கொல்லும் வழியையே மாற்றிவிடுகிறது. மனிதக் கிரான்சைம் பி, பிட் என்ற புரதத்தைச் சுலபமாக வெட்டும். வெட்டுப்பட்ட பிட் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் அங்கிருந்து சாவுக்கான சமிக்ஞையைக் கிளப்பும். சுண்டெலியின் கிரான்சைம் பி-க்குப் பிட் அவ்வளவாகப் பிடிக்காது. அது காஸ்பேஸ்களை நேரடியாக வெட்டித் தூண்டிவிடும். ஒன்று சுற்றுவழி, மற்றொன்று நேர்வழி. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது, செல்லைக் கொல்வதில் சுண்டெலியினுடையது மனிதனுடையதைவிட 30 மடங்கு பலவீனமாக இருந்தது. வெட்டும் பள்ளத்தை மாற்றியமைத்தபோது அந்தப் பலம் திரும்ப வந்தது. வேடிக்கை என்னவென்றால், கிரான்சைம் ஏ-வில் நிலைமை நேர் எதிர்: அங்கே சுண்டெலியினுடையதுதான் அதிகம் கொல்கிறது.

இதற்கு முன் பல வருடங்கள், மனித நொதியைச் சுண்டெலிச் செல்லில் போட்டுப் பார்த்தவர்கள் "பிட் இல்லாமல் முடியாது" என்றார்கள். சுண்டெலியின் டி செல்லையே வைத்துப் பார்த்தவர்கள் "பிட் இல்லாவிட்டாலும் செல் சாகிறதே" என்றார்கள். இரண்டு தரப்பும் கண்டது உண்மை. நொதியும் இலக்கும் ஒரே விலங்கிலிருந்து வந்தவையா என்று பார்க்கத்தான் தவறிவிட்டார்கள்.

என் சுண்டெலி டி செல்லில் கிரான்சைம் பி சோதனை செய்தேன், சிக்னலே வரவில்லை. செல் கெட்டுப்போச்சா?

முதலில் சப்ஸ்ட்ரேட் குப்பியில், அதாவது நொதி வெட்டினால் சிக்னல் தரும் சிறு சங்கிலி உள்ள குப்பியில், என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஐஇபிடி என்று இருந்தால் அது மனித நொதிக்காக வடிவமைத்தது. சுண்டெலி நொதி அதை மந்தமாகத்தான் வெட்டும். மேலே சொன்ன ஓர் எழுத்துதான் காரணம். நானும் இதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன், செல்லைத் திட்டியபடியே.

சிக்னல் வந்தாலும் உடனே நம்பிவிடக்கூடாது. காஸ்பேஸ் 8-க்கு விருப்பமான ஐஇடிடி-யைக் கிரான்சைம் பி-யும் வெட்டும். அதேபோல ஏஏபிவி என்ற வரிசையை நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் வெட்டும் என்று எல்லோருக்கும் தெரியும்; சுண்டெலியின் ஒரு மாஸ்ட் செல் நொதியும் வெட்டும் என்பது பலருக்குத் தெரியாது. புரோட்டினேஸ் 3-க்கும் இதே கதை. மனிதனுடையதில் 99-ஆம் இடத்தில் லைசின், சுண்டெலியினுடையதில் அஸ்பராஜின். அதனால் மனிதப் புரோட்டினேஸ் 3-க்கென்று தயாரித்த சப்ஸ்ட்ரேட்டைச் சுண்டெலியில் நம்ப முடியாது.

கைமேஸ் விஷயத்தில் ஏன் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் இரத்த அழுத்தம் அதில் மாட்டியிருக்கிறது. ஆஞ்சியோடென்சின் 1 என்பது 10 அமினோ அமிலம் கொண்ட சிறு சங்கிலி. அதன் 8-ஆவது இடத்திலுள்ள ஃபினைல்அலனினுக்குப் பின்னால் வெட்டினால் ஆஞ்சியோடென்சின் 2 கிடைக்கும். இரத்தக் குழாயைச் சுருக்குவது அதுதான். 4-ஆவது இடத்திலுள்ள டைரோசினுக்குப் பின்னால் வெட்டினால் உருவான ஆஞ்சியோடென்சின் 2-வும் நாசமாகிவிடும். 1990-இல் மனித இதயத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த கைமேஸ் முதல் வேலையைத் திறமையாகச் செய்தது. எலியின் மாஸ்ட் செல்லில் ஏராளமாக இருக்கும் கைமேஸ் 1-ஐப் பார்த்தால் அது இரண்டாவது வேலையைச் செய்கிறது. ஒரே பெயர், ஒன்று செய்கிறது, மற்றொன்று அழிக்கிறது.

விளக்கம் வம்சாவளியில் இருக்கிறது. கைமேஸில் ஆல்ஃபா, பீட்டா என்று இரு கிளைகள். மனிதனிடம் ஆல்ஃபா ஒன்றுதான். கொறிவிலங்குகளிடம் ஆல்ஃபாவும் உண்டு, பல பீட்டாக்களும் உண்டு. அப்படியானால் சுண்டெலியின் ஆல்ஃபாவை எடுத்து மனிதனுடையதோடு ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றும். எம்சிபி-5 (மாஸ்ட் செல் புரோட்டியேஸ் 5) என்ற அந்த நொதி மரபணு வழியில் மனிதக் கைமேஸின் நேர் உறவு. ஆனால் வெட்டுவதில் கைமேஸே அல்ல, எலாஸ்டேஸ். எஸ்1 குழியின் சுவரில் 216-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து குழியை அடைத்துக்கொண்டது, பருமனான ஃபினைல்அலனின் இனி நுழையாது. அந்த வாலினைக் கிளைசினாக மாற்றியபோது கைமேஸ் குணம் திரும்பியது. எலியிலும் ஹாம்ஸ்டரிலும் இதே எலாஸ்டேஸ் மாற்றம் உண்டு. ஏஏபிவி-யை வெட்டும் மாஸ்ட் செல் நொதி என்று முன் பதிலில் சொன்னது இதைத்தான்.

அப்புறம் கினிப்பன்றியும் முயலும் இருக்கின்றன. அவற்றின் கைமேஸ்கள் ஃபினைல்அலனினையும் விட்டுவிட்டு லியூசினைப் பிடித்துக்கொண்டவை. கைமேஸ் என்ற பெயரைப் பார்த்து இந்த விலங்குகளில் ஆஞ்சியோடென்சின் சோதனை செய்பவர்களுக்கு என் அனுதாபம்.

அப்படியானால் சுண்டெலியில் மனிதக் கைமேஸுக்கு ஈடு எது?

வேலையை வைத்துப் பார்த்தால் எம்சிபி-4, அது பீட்டா கிளை. இணைப்புத் திசு மாஸ்ட் செல்களில் இருக்கிறது, ஹெப்பரினோடு ஒட்டுகிறது, கைமோடிரிப்சின் போல வெட்டுகிறது, ஆஞ்சியோடென்சின் 2-வை உருவாக்கவும் செய்கிறது. ஆனாலும் 4-ஆவது டைரோசினிலும் அதன் கை படும், ஆகவே அச்சு அசல் மாற்று என்று சொல்ல மாட்டேன். இந்த எம்சிபி-4 தான் கீலா பல்லியின் விஷத்திலுள்ள ஒரு நச்சையும் தேள் விஷத்தையும் முறிக்க உதவுவது என்று 2011-இல் காட்டப்பட்டது. மாஸ்ட் செல் என்றால் அலர்ஜி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் நொதியின் குணமே மாறிவிடுமா? மிகைப்படுத்துகிறீர்களோ?

எம்சிபி-5-ஐப் பார்த்தோம். அதைவிடச் சுவையான உதாரணம் கத்தெப்சின் ஜி. மனிதனின் கத்தெப்சின் ஜி இரட்டை முகம் கொண்டது: ஃபினைல்அலனின், டைரோசின் பக்கமும் வெட்டும், லைசின், ஆர்ஜினின் பக்கமும் வெட்டும். கைமோடிரிப்சினும் டிரிப்சினும் ஒரே உடம்பில் இருப்பது மாதிரி. பாடப்புத்தகங்கள் இதையே கத்தெப்சின் ஜி-யின் இலக்கணமாகச் சொல்லிவந்தன. ஆனால் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இது பொருந்தாது.

குழியின் அடியில் 226-ஆம் இடத்தில் மனிதனுக்குக் குளூட்டமிக் அமிலம். அதன் எதிர்மின் சுமைதான் நேர்மின் சுமை கொண்ட லைசினை ஈர்க்கிறது. சுண்டெலி உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அங்கே இருப்பது சாதாரண அலனின். 2010-இல் மனித, சுண்டெலி நொதிகளை ஒப்பிட்டார்கள். சுண்டெலியினுடையது டைரோசினில் குறியாக, மிக வேகமாக வெட்டியது. டிரிப்சின் குணம் ஏறக்குறைய இல்லை. அலனினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றியதும் அந்தச் சுண்டெலி நொதி டிரிப்சின் போல வெட்டத் தொடங்கியது. மனித நொதி போலப் புரோயூரோகைனேஸையும் (இரத்த உறைவைக் கரைக்க உதவும் யூரோகைனேஸின் முன்வடிவம்) தூண்டிவிட்டது. இந்த மாற்றம் குரங்கும் மனிதனும் அடங்கிய உயர்பாலூட்டிக் கிளையில் சுமார் 3.1 கோடி முதல் 4.3 கோடி ஆண்டுகளுக்கு முன் நுழைந்தது என்று மரபுவழி ஒப்பீடு காட்டுகிறது. ஆக, மூதாதை நொதி ஒற்றை முகம்தான், விசித்திரமானவர்கள் நாம்.

அப்படியென்றால் மனிதனுடையது மேம்பட்ட நொதி என்று சொல்லலாமா?

கூடாது. மனித நொதி பல இடங்களில் வெட்டப் பழகியது. ஆனால் பழைய இடத்தில் இருந்த வேகம் குறைந்தது. கைக்குப் பல வேலை வந்தால் எந்த வேலையிலும் பழைய கூர்மை இருக்காது. இந்தக் குடும்பத்தின் பொதுப் போக்கு மேலும் மேலும் குறுகிய வேலைக்குப் போவதுதான். மனிதக் கத்தெப்சின் ஜி அதற்கு எதிர்த்திசையில் நடந்தது.

இனத்துக்கு இனம் வேறுபாடு சரி. ஒரே இனத்துக்குள்ளும் இருக்குமா?

இருக்கும். காட்டுச் சுண்டெலிகளிடம் கிரான்சைம் பி-யின் வேறொரு வடிவம் பரவலாக உண்டு. ஆய்வகச் சுண்டெலிகளின் வடிவம் காஸ்பேஸை நேராகத் தூண்டும் என்றேன் அல்லவா? காட்டு வடிவம் பிட்-ஐ விரும்புகிறது, அதாவது மனிதனுடையதைப் போல. 2014-இல் வெளியான ஆய்வில், அந்த வடிவம் மட்டுமே கொண்ட சுண்டெலிகளால் சுண்டெலி சைட்டோமெகாலோவைரஸைக் கட்டுப்படுத்த முடியவில்லை. கல்லீரல் சேதமாகி இறந்தன. இந்த வைரஸ் மைட்டோகாண்ட்ரியா வழிச் சாவைத் தடுக்கும் புரதங்களை வைத்திருக்கிறது. பிட் வழியாகக் கொல்ல முயலும் நொதிக்கு அங்கே கதவு சாத்தியிருக்கும். நேர்வழி நொதிக்கு அந்தக் கதவே தேவையில்லை. முதலில் கேட்ட "ஏன் மாற வேண்டும்" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் இரண்டு: உலகெங்கும் ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் சி57பிஎல்/6 சுண்டெலியிடம் எம்சிபி-7 என்ற டிரிப்டேஸ் கிடையாது, மரபணுவில் ஒரு பிழை. மனிதர்களிலும் ஆல்ஃபா டிரிப்டேஸ் மரபணு பலரிடம் உண்டு, பலரிடம் இல்லை. இருந்தாலும் அது தனியாக வெட்டாது, ஏன் என்று கடைசிப் பதிலில் வரும்.

சுண்டெலியில் அந்த மரபணுவை நீக்கிவிட்டுப் பார்த்தால் மனிதனில் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடாதா?

சுண்டெலியில் என்ன செய்கிறது என்று தெரியும். மனிதனுக்கு எடுத்துச் செல்லும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: நொதியின் விருப்பம், வெட்டப்படும் புரதம். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனிதக் கிரான்சைம் ஏ, கேஸ்டர்மின் பி என்ற புரதத்தை வெட்டி இலக்குச் செல்லைச் சவ்வு கிழிந்து வெடிக்கச் செய்கிறது என்று 2020-இல் கண்டார்கள். சுண்டெலியிடம் கேஸ்டர்மின் பி-யே இல்லை. அங்கே கிரான்சைம் ஏ-வை நீக்கி எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. அதோடு மனிதக் கிரான்சைம் ஏ-வுக்குப் பிடித்த வரிசையும் சுண்டெலியினுடையதும் வேறு: இரண்டும் ஆர்ஜினினுக்குப் பின்னால் வெட்டும், ஆனால் ஆர்ஜினினுக்கு முன்னால் சுண்டெலியினுடையது ஃபினைல்அலனினையும் மனிதனுடையது அஸ்பராஜினையும் தேடும். கிரான்சைம் எம்-இலும் மனிதன், சுண்டெலி விருப்பங்கள் விலகிப் போனது 2011-இல் காட்டப்பட்டது.

சுண்டெலியில் வேலை செய்த தடுப்பு மருந்து மனிதனிலும் வேலை செய்யுமா?

குழியில் போய் உட்காரும் மருந்தென்றால் குழி மாறினால் மருந்தும் நழுவும். மனிதக் கத்தெப்சின் ஜி-யை, டிரிப்சின் வகை நொதிகளின் தடுப்பானான அப்ரோட்டினின் தடுக்கும். சுண்டெலியினுடையது அதற்கு அசையாது, காரணம் மேலே சொன்ன 226. கைமேஸ் தடுப்பான்களை ஆராய்ந்தவர்கள் ஹாம்ஸ்டர், நாய் என்று விலங்கைத் தேடி அலைந்ததும் இந்த மாதிரிச் சிக்கல்களால்தான். உடம்பின் சொந்தத் தடுப்பான்களும் ஒத்துவராது. ஆல்ஃபா 1 ஆன்டிடிரிப்சின் மனிதனுக்கு ஒரு மரபணு, சுண்டெலிக்குப் பல. கிரான்சைம் பி-யைத் தடுக்கும் செர்பின் பி9-க்கும் அப்படியே.

இதைத் தாண்ட ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. இந்த நொதிகள் எல்லாமே முதலில் வெட்டத் தெரியாத நிலையில்தான் உருவாகின்றன. பெரும்பாலும், தலைப்பக்கத்திலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தெப்சின் சி என்ற வேறொரு நொதி கத்தரித்த பிறகுதான் பொறி இயங்கும். ஆகவே ஒவ்வொரு குழியோடும் மல்லுக்கட்டாமல் கத்தெப்சின் சி-யைத் தடுத்தால் எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி, புரோட்டினேஸ் 3 மூன்றும் ஒரே அடியில் குறையும். பிரென்சோகாடிப் என்ற மருந்து அப்படிப்பட்டது. நுரையீரல் மூச்சுக்குழாய் விரிவு நோய்க்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறவியிலேயே கத்தெப்சின் சி இல்லாதவர்களுக்குப் பாபியோன்–லெஃபெவ்ர் நோய் வரும்: உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து, ஈறு நோயால் பற்கள் இளம்வயதிலேயே விழும். மருந்தின் அளவைத் தீர்மானிப்பவர்கள் இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

செரின் புரோட்டியேஸ் மட்டும்தான் இப்படியா?

இல்லை. பாக்டீரியா நச்சை உணரும் காஸ்பேஸ்கள் மனிதனில் 4, 5. சுண்டெலியில் அந்த இடத்தில் 11. காஸ்பேஸ் 4, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் 18-ஐ நேரடியாக வெட்டி முதிர்வாக்கும் என்று 2023-இல் தெரிந்தது, சுண்டெலியின் 11-க்கு அது கைவராது. காஸ்பேஸ் 10 சுண்டெலியிடம் இல்லை. காஸ்பேஸ் 12 பெரும்பாலான மனிதர்களிடம் பாதியில் அறுந்த, வேலை செய்யாத வடிவில் இருக்கிறது. இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவிலுள்ள, ஆர்என்ஏ-வை வெட்டும் ரைபோநியூக்ளியேஸ்களும் கொறிவிலங்குகளில் கூட்டமாகப் பெருகியவை. மனிதனிடம் இருக்கும் இரண்டும் பழைய உலகக் குரங்குக் கிளையில் ஒன்று இரண்டானதால் வந்தவை.

நாய், மாடு, குரங்கு: எது மனிதனுக்கு நெருக்கம்?

எந்த நொதி என்று சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. கைமேஸ் என்றால் மக்காக் குரங்கு மிக நெருக்கம், நாயும் பரவாயில்லை. நாயின் ஆல்ஃபா கைமேஸ் ஆஞ்சியோடென்சின் 2-வை உருவாக்கும். கத்தெப்சின் ஜி என்றால் நாய் உதவாது, உயர்பாலூட்டிதான் வேண்டும். மாட்டைத் தொட்டால் புதுக் கதை: அதன் குடலில் டியோடினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, இதே குடும்பம், டிரிப்சின் போலவும் கைமோடிரிப்சின் போலவும் வெட்டும். அது மனிதனிடம் கிடையாது.

புது விலங்கு ஒன்றின் மரபணு வரிசை கையில் இருக்கிறது. அதைப் பார்த்தே எதை வெட்டும் என்று சொல்லிவிடலாமா?

ஊகிக்கலாம். எஸ்1 குழியின் 189, 216, 226 ஆகிய மூன்று இடங்களை முதலில் பாருங்கள். 189-இல் ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்றால் டிரிப்சின் குணம். 216-இல் கிளைசினுக்குப் பதில் வாலின் என்றால் எலாஸ்டேஸ் வாய்ப்பு. 226-இல் ஆர்ஜினின் என்றால் கிரான்சைம் பி போல ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைத் தேடும். பி1-க்கு இது ஓரளவு கைகொடுக்கும். பி2 முதல் பி4 வரை இந்த வழியில் சொல்வது கடினம், மனிதன், சுண்டெலி கிரான்சைம் பி விவகாரமே சாட்சி. பல வரிசைகளில் செய்த சிறு சங்கிலிகளின் தொகுப்பான பெப்டைடு நூலகத்தையோ, வெட்டுப்பட்ட புரதங்களின் புதிய தலைமுனைகளைத் தேடும் முறையையோ வைத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

அதற்கும் முன்னால், அது வெட்டுகிறதா என்று பாருங்கள். மனித ஆல்ஃபா டிரிப்டேஸில் 216-இல் கிளைசினுக்குப் பதில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் வந்ததால் குழியே கோணி, நொதி செயலிழந்தது. நியூட்ரோஃபிலின் அசுரோசிடின் இன்னும் ஒரு படி மேலே: அறுக்கும் மூவரில் ஹிஸ்டிடின் செரினாகவும் செரின் கிளைசினாகவும் மாறிவிட்டன. நொதியாக அது செத்துவிட்டது, ஆனாலும் பாக்டீரியாவைக் கொல்கிறது, மானோசைட் என்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடுகிறது. சுண்டெலியில் அதைத் தேடாதீர்கள், அங்கே அது இல்லை.